பாட்டுக்கும் பேர் இல்ல, பாடினவங்களுக்கும் பேர் இல்ல: பழைய சைக்கடெலிக் காம்பிலேஷன் ஆல்பம்னா என்ன?

பல வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரு பென்டிரைவ் குடுத்தான். உள்ள ஒரு ஃபோல்டர், அது முழுக்க "ட்ராக் 01", "ட்ராக் 02"ன்னு வெறும் நம்பர் போட்ட ஃபைல்ஸ், பாட்டு பேரும் கிடையாது பாடினவங்க பேரும் கிடையாது. சரி ஏதோ ஒண்ணுன்னு தட்டினா ஒரு பொண்ணு குரல், கீச்சுன்னு உச்சத்துல போய் அங்கயே நின்னு வளையுது, பின்னாடி கிட்டார் கிழிஞ்ச ஸ்பீக்கர்ல வர்ற மாதிரி கரகரன்னு உறுமுது, நடுவுல சின்னதா ஒரு ஆர்கன். என்ன மொழின்னே புரியல. சிடில இருந்து காப்பி பண்ணவன் பேர் டைப் பண்ண சோம்பேறித்தனப்பட்டிருக்கான்னு நினைச்சேன். இல்ல, அந்த ஆல்பமே அப்படித்தான் வெளிய வந்துச்சாம். 1996ல நியூயார்க்ல பேரலல் வேர்ல்டுன்னு ஒரு குட்டி லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) போட்ட 'கம்போடியன் ராக்ஸ்'. கம்போடியாவுக்கு டூர் போன ஒருத்தர் அங்க வாங்கின கேசட்ல இருந்து எடுத்த பாட்டுங்க. எந்தப் பாட்டு யாருதுன்னு அட்டைல ஒரு வரி கூட இல்ல.

இந்த மாதிரி ஆல்பம் உலகம் பூரா நூத்துக்கணக்குல இருக்கு. நெட்ல "சைக் காம்ப்"னு யாராவது எழுதியிருந்தா இதைத்தான் சொல்றாங்க. புதுசா உள்ள வர்றவங்களுக்கு இது என்ன, யார் போடறது, எப்படி கேக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லிடறேன்.

காம்பிலேஷன்னா தொகுப்பு, அவ்ளோதான். ஆனா ஒரே பாடகரோட ஹிட்ஸ் எல்லாம் அள்ளிப் போடற தொகுப்பு வேற, நான் சொல்ற தொகுப்பு வேற. இதுல 20 பாட்டு இருந்தா கிட்டத்தட்ட 20 குழு இருக்கும், அதுல பாதிப் பேர் வாழ்க்கைல மொத்தமே ரெண்டு மூணு சிங்கிள் (ரெண்டே பாட்டு இருக்கற சின்ன ரெக்கார்டு) தான் போட்டிருப்பாங்க, எல்லாரும் ஒரே ஊர்ப்பக்கம் இல்லனா ஒரே நாடு, எல்லாம் ஒரு அஞ்சாறு வருஷத்துக்குள்ள ரெக்கார்ட் பண்ணது. அதையெல்லாம் நாலஞ்சு வருஷமோ நாப்பது வருஷமோ கழிச்சு யாரோ ஒரு பைத்தியக்காரன் (நல்ல அர்த்தத்துல தான் சொல்றேன்) பழைய கடை, குடோன், ஆட்கள் வீட்டுப் பரண்னு அலைஞ்சு சேத்து ஒண்ணா அச்சடிச்சா, அது தான் இது. உ.வே.சா சுவடியைத் தேடி வீடு வீடா ஏறி இறங்கினார் இல்ல, அந்த வேலையை ரெக்கார்டை வெச்சுப் பண்றாங்கன்னு வெச்சுக்கோங்க.

அடுத்து 'சைக்கடெலிக்'. இந்த வார்த்தையை 1956ல உருவாக்கினவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டுன்னு ஒரு மனநல டாக்டர், கிரேக்கத்துல 'மனசை வெளிப்படுத்தறது'ங்கற மாதிரி அர்த்தம். எல்எஸ்டி மாதிரி மருந்துகளைப் பத்திப் பேசறதுக்கு வந்த வார்த்தை, பத்து வருஷத்துல பாட்டு மேல ஒட்டிக்கிச்சு. ஆனா போதையை மறந்துடுங்க, காதுக்கு இது என்னங்கறது தான் நமக்கு வேணும். ரொம்பக் கொச்சையா சொன்னா, ஒரு சாதாரண ராக் பாட்டை எடுத்து, அதோட சத்தத்தை வேணும்னே கெடுத்து, வளைச்சு, நீட்டி, எங்கயோ குகைக்குள்ள நடக்கற மாதிரி ஆக்கறது. டேப்பைத் திருப்பி ஓட்டுவாங்க, எக்கோ போடுவாங்க, கிட்டார் "வாவ் வாவ்"னு வாயைத் தொறந்து மூடும், அந்த வா-வா பெடல் கடைக்கு வந்தது 1967ல.

இதுல ராஜா ஃபஸ் தான், அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு உடைக்கறது. 1961ல அமெரிக்கால நாஷ்வில்ல ஒரு ரெக்கார்டிங் நடக்கும்போது மிக்ஸர்ல ஒரு சேனல் கெட்டுப் போய் பேஸ் கிட்டார் சத்தம் கரகரன்னு உடைஞ்சு வந்துச்சு, தூக்கிப் போடாம அப்படியே வெச்சுட்டாங்க, பாட்டு ஹிட். உடனே மத்தவங்களும் எனக்கும் அந்த சத்தம் வேணும்னு கேக்க, அங்க இருந்த இன்ஜினியர் அதே கோளாறை ஒரு டப்பால செஞ்சு அடைச்சாரு, 1962ல மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்னு கடைக்கு வந்துச்சு. மூணு வருஷம் பெருசா யாரும் சீண்டல. 1965ல ரோலிங் ஸ்டோன்ஸோட 'சாடிஸ்ஃபாக்ஷன்' அந்த சத்தத்தோட வந்ததும் உலகத்துல கிட்டார் வெச்சிருந்த ஒவ்வொரு பையனுக்கும் அது வேணும்னு ஆயிடுச்சு. நான் கேட்ட அந்த பேர் தெரியாத பாட்டுல உறுமினதும் அதே சத்தம் தான். நாஷ்வில்ல கெட்டுப் போன ஒரு சேனல், கம்போடியா தலைநகர் நோம் பென்ல ஒரு பாட்டுக்குப் பின்னாடி.

சரி, இந்தத் தொகுப்புகளை 'ரீஜனல்'னு, அதாவது ஊர்ப்பக்கம் வாரியா, ஏன் பிரிக்கறாங்க? அந்தக் காலத்து அமெரிக்காவை எடுத்துக்கோங்க. ஸ்கூல் பசங்க நாலு பேர் கார் ஷெட்ல பேண்ட் ஆரம்பிப்பாங்க (கேரேஜ் ராக்னு பேர் வந்ததே அதனால தான்), உள்ளூர்ல ஒரு சின்ன லேபிள்காரர் கிட்ட போய் ரெண்டு பாட்டு ரெக்கார்ட் பண்ணி, 45 ஆர்பிஎம் சிங்கிளா, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டுன்னு, சில நூறு காப்பி அடிப்பாங்க. ஊர் ரேடியோல போட்டா அந்த ஊர்ல நம்பர் ஒன், நூறு மைல் தள்ளி ஈ காக்கா கேட்டிருக்காது. அதனால ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தனி சத்தம் வளந்துச்சு.

டெக்சஸ் நல்ல உதாரணம். ஆஸ்டின்ல 13த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்னு ஒரு குழு, 1966 கடைசில போட்ட அவங்க முதல் ஆல்பத்தோட பேர்லயே 'சைக்கடெலிக்' இருந்துச்சு, அப்படிப் பேர் வெச்ச முதல் ஆட்கள்ல இவங்க ஒருத்தங்க. இவங்களோட 'யூ ஆர் கோனா மிஸ் மீ' பாட்டை ஒரு தடவை ஹெட்ஃபோன்ல கேளுங்க. கிட்டார், கத்தல் எல்லாம் தாண்டி அடியில ஒரு சத்தம் "குபுகுபுகுபு"ன்னு நிக்காம ஓடிக்கிட்டே இருக்கும், புறா குனுகற மாதிரியும் இருக்கும் தண்ணி கொதிக்கற மாதிரியும் இருக்கும். நான் ஏதோ மெஷின்னு நினைச்சேன். அது ஒரு ஜாடி! டாமி ஹால்னு ஒருத்தர் ஜாடியோட வாயை வாய்க்கிட்ட வெச்சு அதுக்குள்ள குரல் குடுக்கறார், பக்கத்துலயே மைக். நம்ம கடம் மாதிரி தட்டறது இல்ல, உள்ள ஊதறது. இந்தப் பாட்டு தேசிய அளவுல 55வது இடம் வரைக்கும் தான் போச்சு. இன்னிக்கு இந்த வகைப் பாட்டுன்னாலே முதல்ல வாயில வர்ற அஞ்சாறுல இது ஒண்ணு. நடுவுல நடந்தது ஒரு காம்பிலேஷன்.

அது 1972ல எலெக்ட்ரா கம்பெனி போட்ட 'நக்கெட்ஸ்'. கம்பெனி ஓனர் ஜாக் ஹோல்ஸ்மனுக்கு ஒரு யோசனை: முழுசா கேக்க முடியாத ஆல்பங்கள்ல ஒரே ஒரு நல்ல பாட்டு இருக்கும் இல்லையா, அதையெல்லாம் பொறுக்கி ஒண்ணா போட்டா என்ன? வேலையை லென்னி கேங்கறவர் கிட்ட குடுத்தாரு. அப்போ அவர் நியூயார்க்ல ரெக்கார்டு கடைல வேலை பாத்துக்கிட்டு பத்திரிகைக்கு எழுதிட்டு இருந்த பையன், பின்னாடி பாட்டி ஸ்மித்ங்கற ராக் பாடகியோட குழுவுல கிட்டார் வாசிச்சவர் இவர் தான். 1965ல இருந்து 1968 வரைக்கும் வந்த 27 பாட்டைப் பொறுக்கி ரெண்டு எல்பியா போட்டாரு. ஒண்ணு சொல்லணும், அதுல எல்லாமே யாருக்கும் தெரியாத பாட்டு இல்ல, கவுண்ட் ஃபைவோட 'சைக்காட்டிக் ரியாக்ஷன்' எல்லாம் 1966லயே அஞ்சாவது இடத்துக்கு வந்த ஹிட்டு. ஆனா நாலு வருஷத்துக்குள்ளயே ஊர் அதையெல்லாம் மறந்து போச்சு, எல்லாரும் பத்து நிமிஷ கிட்டார் சோலோ பக்கம் போயிட்டாங்க.

கே பண்ணது பாட்டு சேத்தது மட்டும் இல்ல. அட்டைக்குள்ள ஒவ்வொரு குழுவைப் பத்தியும் எழுதினாரு, இதெல்லாம் தனித்தனி விபத்து இல்ல, இது ஒரே காலத்தோட குரல்னு ஒரு வாதத்தை வெச்சாரு. அந்தக் குறிப்புல தான் இந்தப் பசங்க வாசிச்சதை 'பங்க் ராக்'னு எழுதியிருந்தாரு, நாம இன்னிக்கு பங்க்னு சொல்ற சமாச்சாரம் வெளிய வர்றதுக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே. அப்போ பெருசா விக்கல. ஆனா வாங்கினவங்கள்ல கொஞ்ச பேரு நேரா போய் பேண்ட் ஆரம்பிச்சாங்க, மிச்சப் பேரு நேரா போய் பழைய சிங்கிள் தேட ஆரம்பிச்சாங்க.

நான் சொல்ல வந்ததே இது தான். அந்தப் பசங்க வாசிக்கும்போது "நாங்க எல்லாம் ஒரு இயக்கம்"னு நினைக்கவே இல்ல, பக்கத்து மாநிலத்துல யார் வாசிக்கறான்னே தெரியாது. சேத்து வெச்சவன் தான் அதை ஒரு 'சீன்' ஆக்கினான். காம்பிலேஷன் ஒண்ணு கைல எடுத்தா பாட்டைக் கேக்கற மாதிரியே தொகுத்தவனையும் கேக்கணும், இவன் எதை எடுத்தான், எதை விட்டான், யாரோட பேரை எழுதினான்னு.

தமிழ்ல படிச்சவங்களுக்கு இது புதுசே இல்ல. எட்டுத்தொகைல எல்லாமே தொகை தானே, பாடினவங்க ஒரு காலம், தொகுத்தவங்க ஒரு காலம், இன்ன திணைன்னு அடுக்கினது தொகுத்தவங்க. ஐங்குறுநூறுக்குத் தொகுத்தவர் பேர் தனி, தொகுக்க வெச்ச அரசன் பேர் தனின்னு குறிச்சே வெச்சிருக்காங்க, லேபிள் ஓனரும் காம்பைலரும் மாதிரி. குறுந்தொகைல பாடினவர் பேர் தெரியாம போனப்போ என்ன பண்ணாங்க, பாட்டுல இருந்த வரியையே பேரா வெச்சாங்க, செம்புலப்பெயனீரார்னு. ட்ராக் 02ங்கறதுக்கு அது எவ்வளவோ மேல்!

'நக்கெட்ஸ்'க்கு அப்புறம் வரிசையா வந்துச்சு, இதை வேகமா தாண்டிடறேன். 1970-கள் கடைசில 'பெபிள்ஸ்', இன்னும் யாருக்கும் தெரியாத பாட்டுங்க, அட்டைல ஆஸ்திரேலியா அட்ரஸ் போட்டிருக்கும் ஆனா பின்னாடி இருந்தது கலிஃபோர்னியாக்காரர் கிரெக் ஷா, உரிமை கேக்காம போட்டா அட்ரஸ் அப்படித்தான் இருக்கும். 1980-கள்ல அதே கூட்டத்துல இருந்து 'ஹைஸ் இன் த மிட்-சிக்ஸ்டீஸ்'னு 23 வால்யூம், அதுல லாஸ் ஏஞ்சலஸ் தனி, மிச்சிகன் தனி, சிகாகோ தனி, டெக்சஸ் தனின்னு ஊர் ஊரா பிரிச்சாங்க, ரீஜனல் காம்பிலேஷன்கற வடிவம் அங்க தான் நல்லா கெட்டிப்பட்டுச்சு. பிரிட்டன்ல 1984ல இருந்து 'ரப்பிள்'னு ஒரு வரிசை. அங்க சத்தமே வேற, முரட்டுத்தனம் கம்மி, ஆர்கனும் புல்லாங்குழலும் சின்னப்புள்ளைக் கதையுமா கொஞ்சம் குழைவா இருக்கும், எனக்கு அவ்வளவா ஒட்டல, சில பேர் அதுக்கு உயிரையே விடுவாங்க. 1998ல ரைனோங்கற லேபிள் 'நக்கெட்ஸை' நாலு சிடி பெட்டியா 118 பாட்டோட மறுபடி போட்டப்போ தான் சேகரிக்கறவங்க வட்டத்தைத் தாண்டி இது எல்லார் வீட்டுக்கும் போச்சு.

எனக்கு ருசியான பகுதி இதுக்கு அப்புறம் தான், கதை அமெரிக்கா பிரிட்டனை விட்டு வெளிய போகும்போது.

அந்த சத்தம் மத்த நாடுகளுக்கு எப்படிப் போச்சுன்னு பாத்தா ஒவ்வொரு இடத்துலயும் அது உள்ள நுழைஞ்ச ஓட்டை ஒண்ணு இருக்கு. சிங்கப்பூர், மலேசியாவுக்கு தி ஷேடோஸ்ங்கற பிரிட்டிஷ் கிட்டார் குழு மூலமா வந்துச்சு, 1961ல அவங்க பாடகர் கிளிஃப் ரிச்சர்டோட சிங்கப்பூர் வந்து வாசிச்சதுக்கு அப்புறம் தெருவுக்குத் தெரு கிட்டார் குழு. அதுங்களுக்கு மலாய்ல 'குகிரான்'னு பேர், "கும்புலான் கிட்டார் ரன்சாக்", துள்ளல் கிட்டார் குழுங்கறதோட சுருக்கம். பீட்டில்ஸ் "யே யே யே"ன்னு பாடினதும் அந்தப் பாட்டு வகைக்கே 'பாப் யே யே'ன்னு பேர் வந்துடுச்சு. 2014ல சப்ளைம் ஃப்ரீக்வென்சீஸ் லேபிள் 'பாப் யே யே'ங்கற பேர்லயே 1964–1970 பாட்டுங்களைத் தொகுத்துப் போட்டாங்க, கூடவே தடிமனா ஒரு குறிப்புப் புத்தகம், பாடினவங்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதினது. மலாய் மெட்டு, கிட்டார்ல அந்த ஷேடோஸ் மினுமினுப்பு, போகப் போக ஃபஸ் ஏறிக்கிட்டே வரும், ஒரே தொகுப்புல ஆறு வருஷம் மாறறது காதுக்கே தெரியும்.

வியட்நாம், கம்போடியா பக்கம் போர் தான் ஓட்டை, அமெரிக்கப் படைக்குன்னு நடந்த ரேடியோவை ஊர்க்காரங்களும் கேட்டாங்க. தென்கொரியால ஷின் ஜூங்-ஹியூன் 1950-கள்லயே அமெரிக்க ராணுவ முகாம்கள்ல வாசிச்சு தொழில் கத்துக்கிட்டவர், அப்புறம் அந்த நாட்டு ராக்குக்கே அப்பா மாதிரி ஆனார். 1972ல ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயைப் புகழ்ந்து ஒரு பாட்டு போடுன்னு கேட்டாங்க, மாட்டேன்னுட்டாரு. அதுக்குப் பதிலா நாட்டோட மலையையும் ஆத்தையும் பாடி நீளமா ஒரு பாட்டு போட்டாரு. 1975ல கஞ்சா கேஸ்ல உள்ள போட்டு, பாட்டுங்களுக்குத் தடை. லைட் இன் தி அட்டிக் லேபிள் 2011ல அவரோட வேலைகளைத் தொகுத்தப்போ அந்த மலை-ஆறு பாட்டோட பேரையே தலைப்பா வெச்சாங்க.

துருக்கில பத்திரிகை. ஹுர்ரியத் பேப்பர் 1965ல இருந்து 1968 வரைக்கும் 'ஆல்டின் மிக்ரோஃபோன்', தங்க மைக்னு ஒரு போட்டி நடத்துச்சு. மேல்நாட்டு வாத்தியத்துல வாசி, ஆனா பாட்டு துருக்கி மொழில, ஊர் மெட்டுல இருக்கணும். ஜெயிச்சவங்க பாட்டை ரெக்கார்டா போட்டு ஊர் ஊரா கூட்டிட்டுப் போனாங்க. அந்த ஒரு கண்டிஷன்ல இருந்து தான் அனடோலியன் ராக்னு ஒரு பெரிய மரமே வளந்துச்சு, சாஸ்ங்கற நாட்டு நரம்பு வாத்தியத்துக்குக் கரண்ட் குடுத்து அதுக்கு மேல ஃபஸ்ஸும் போட்டாங்க. எர்கின் கொராய், பாரிஷ் மான்ச்சோ, செல்டா எல்லாம் இன்னிக்கு இந்த வட்டாரத்துல தெய்வங்கள்.

இந்தியால சிகரெட் கம்பெனி, சிரிக்காதீங்க. இம்பீரியல் டொபாக்கோ அவங்க சிம்லா பிராண்ட் விளம்பரத்துக்காக 'சிம்லா பீட்'னு அகில இந்திய பேண்ட் போட்டி நடத்தினாங்க, அதுல வாசிச்ச குழுக்களோட பாட்டை 1970லயும் 1971லயும் எல்பியா போட்டாங்க. ஷில்லாங்ல இருந்து ஃபென்டோன்ஸ், கல்கத்தால இருந்து கிரேட் பேர், பெங்களூர்ல இருந்து டைனோசார்ஸ், மெட்ராஸ்ல இருந்து கன்ஃப்யூஷன்ஸ். ஆமா, மெட்ராஸ்! இங்கயும் ஃபஸ் கிட்டார் உறுமியிருக்கு. இந்த ரெண்டு ஆல்பமும் மத்ததுல இருந்து ஒரு விஷயத்துல வித்தியாசம், இது பின்னாடி யாரோ தேடித் தொகுத்தது இல்ல, அந்தந்த வருஷமே போட்ட தொகுப்பு. அதனால எது காலத்துக்கு நிக்கும்னு வடிகட்டாம, நல்லது சுமாரு எல்லாம் கலந்து அப்படியே இருக்கு. ரொம்ப காலம் கழிச்சு ஜெர்மனில மறுபடி அச்சடிச்சதால தான் நம்ம ஆட்களே பாதிப் பேர் இதைக் கேட்டோம், அது ஒரு கொடுமை.

'ஆரம்ப கால'ன்னு தலைப்புல போட்டிருந்தா ஒரு விஷயம் கவனிங்க, அது எல்லா ஊர்லயும் ஒரே வருஷம் இல்ல. அமெரிக்கால 1965–68ன்னா ஜாம்பியால கடிகாரம் வேற. 1964ல சுதந்திரம், தாமிரச் சுரங்கப் பணம், கையில காசு இருக்கற இளவட்டம். ஜனாதிபதி கவுண்டா ரேடியோல 95 சதவீதம் நம்ம நாட்டுப் பாட்டு தான் வரணும்னு சொன்னாரு, பசங்க கேட்டு வளந்ததோ அமெரிக்க கிட்டார்காரர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். அப்போ என்ன வரும், ஹெண்ட்ரிக்ஸ் மாதிரியே நம்ம நாட்டுப் பாட்டு தான் வரும்! அதுக்குப் பேர் ஜாம்ராக். மெட்டு எளிமையா இருக்கும், தாளம் ஆட வைக்கும், மேல ஃபஸ் மட்டும் அடங்காம ஓடும். விட்ச்ங்கற குழுவோட பாடகர் இமானுவேல் சாண்டாவுக்கு மேடைல துள்ளறதைப் பாத்து ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் பேரையே ஊர்ப்பக்கமா மாத்தி 'ஜகாரி'ன்னு பட்டம் குடுத்தாங்க. 1970-கள் நடுவுல தாமிர விலை விழுந்துச்சு, காசு போச்சு, ராத்திரி ஊரடங்குல கச்சேரி போச்சு, அப்புறம் எய்ட்ஸ் வந்து அந்தத் தலைமுறைல பல பேரைக் கொண்டு போயிடுச்சு. ஜகாரி ரத்தினக்கல் தோண்டப் போயிட்டாரு.

2017ல நௌ-அகெய்ன் லேபிள் 'வெல்கம் டு ஜாம்ராக்!'னு ரெண்டு வால்யூம் போட்டாங்க, 1972–1977. கூட முழுசா ஒரு புத்தகம், யார் யார், எந்த ஊர், என்ன ஆச்சுன்னு. என்னைக் கேட்டா இப்படித்தான் போடணும். விட்ச் மறுபடி சேந்து ஜகாரி வயசான காலத்துல உலகம் சுத்திப் பாடறாரு, 2024ல அமெரிக்க ராப்பர் டைலர் தி கிரியேட்டர் ஒரு பாட்டுல ங்கோசி ஃபேமிலிங்கற ஜாம்ராக் குழுவோட கிட்டாரை எடுத்துப் போட்டிருக்காரு. பழைய ரெக்கார்டு திரும்ப அச்சாகாம இருந்திருந்தா அது அவர் காதுக்கு எந்த வழில போயிருக்கும்?

பெருவை மட்டும் சொல்லிட்டு நாடு சுத்தறதை நிறுத்திடறேன். 2007ல பார்பெஸ் ரெக்கார்ட்ஸ்னு புரூக்ளின் லேபிள் 'தி ரூட்ஸ் ஆஃப் சிச்சா'ன்னு போட்டாங்க, 'பெருவின் சைக்கடெலிக் கும்பியாக்கள்'னு துணைத் தலைப்பு. அமேசான் காட்டு ஓரத்துல பெட்ரோல் கிடைச்ச ஊர்கள்ல இருந்து வந்த குழுங்க, கொலம்பியா கும்பியா தாளத்து மேல எலெக்ட்ரிக் கிட்டார்ல ஆண்டிஸ் மலை மெட்டு. கேட்டா ரெண்டாவது நிமிஷத்துல கால் தானா ஆடும். ஆனா அவங்க யாரும் "நாங்க சைக்கடெலிக் வாசிக்கறோம்"னு சொல்லிக்கிட்டு திரியல, கல்யாணம் கூத்துன்னு ஆட்டம் போட வர்ற கூட்டத்துக்கு வாசிச்சாங்க. அட்டைல அந்த வார்த்தை இருந்தா ரெக்கார்டு சேக்கற ஆள் கை நீளும், அதனால ஒட்டறாங்க. சில தொகுப்புல அந்த ஸ்டிக்கர் ரொம்ப பொருந்தும், சிலதுல 20 பாட்டுல மூணு தான் தேறும், மிச்சமெல்லாம் சாதா பாப். அது தப்புன்னு சொல்ல மாட்டேன், ஏமாந்துட்டோம்னு கத்தாதீங்கன்னு தான் சொல்றேன்.

கேக்கும்போது சத்தத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இதுல நிறைய பாட்டுக்கு மாஸ்டர் டேப், அதாவது ஸ்டுடியோல எடுத்த மூல டேப், இப்ப இல்ல. டேப் விலை ஜாஸ்தின்னு அழிச்சு மேல வேற பதிவு பண்ணது, வெள்ளத்துல போனது, போர்ல எரிஞ்சது. அதனால கைல கிடைச்ச ஒரு தேஞ்ச சிங்கிளை ஓட்டி அதுல இருந்து எடுத்தது தான் உங்க காதுக்கு வருது. கரகர, டிக் டிக், "ஸ்" எழுத்து வர்ற இடமெல்லாம் சீறல், இதெல்லாம் உங்க ஸ்பீக்கர் கோளாறு இல்ல. அதையெல்லாம் சாஃப்ட்வேர்ல மழமழன்னு துடைச்சிட்ட தொகுப்பும் இருக்கு, அதுல சிம்பல் சத்தமும் சேந்து செத்துப் போயிருக்கும், எனக்குக் கரகர இருந்தாலே தேவலை.

வாங்கறதுக்கு முன்னாடி பின் அட்டையைத் திருப்பிப் பாருங்க, பாட்டை விட அங்க தான் நிறைய தெரியும். பாட்டு பேர், குழு பேர், ஒரிஜினலா எந்த லேபிள், எந்த வருஷம், யார்கிட்ட லைசென்ஸ் வாங்கினாங்கன்னு சின்ன எழுத்துல இருக்கணும். "எல்லா உரிமையும் பாதுகாக்கப்பட்டது"ன்னு மட்டும் போட்டு, யாரோட உரிமைன்னு சொல்லலன்னா சந்தேகப்படுங்க. பூட்லெக்கா, அதாவது அனுமதி வாங்காம அடிச்சதா இருக்கலாம், பாடின கிழவருக்கு ஒத்தப் பைசா போயிருக்காது. அதுக்காக பூட்லெக் எல்லாம் குப்பைன்னும் சொல்ல முடியல பாருங்க, அது தான் இதுல இருக்கற சங்கடம். 'பெபிள்ஸ்' அப்படி வரலன்னா பாதிப் பாட்டு இன்னிக்கு இருக்குன்னே தெரியாது. காப்பாத்தினவனும் அவன் தான், காசு குடுக்காம போனவனும் அவன் தான்.

திரும்ப அந்த கம்போடியா ஆல்பத்துக்கு வர்றேன். 1975 ஏப்ரல்ல கெமர் ரூஜ்ங்கற கம்யூனிஸ்ட் படை நோம் பென்னைப் பிடிச்சப்போ பாடகர்கள், வாசிக்கறவங்க எல்லாம் அவங்க கண்ணுல எதிரி. நாட்டோட பெரிய குரல்கள் சின் சிசாமுத், ரோஸ் செரெய் சோத்தியா, பென் ரான் யாருமே அந்த நாலு வருஷத்தைத் தாண்டல. மிஞ்சினது ரெக்கார்டும் கேசட்டும், வெளிநாட்டுக்குத் தப்பிச்சுப் போனவங்க அதைத் திரும்பத் திரும்ப காப்பி எடுத்து வெச்சுக்கிட்டாங்க. அந்தக் கேசட்டுங்கள்ல சிலதுல புதுசா டிரம் மெஷின் சேத்திருப்பாங்க, வேகத்தை ஏத்தியிருப்பாங்க, அதையே நாம ஒரிஜினல்னு நினைச்சு கேட்டுட்டு இருந்திருக்கோம். பேர் இல்லாம வந்த அந்த ஆல்பம் இன்டர்நெட் வந்தப்புறம் பரவி, கம்போடியாவோட கெமர் மொழி தெரிஞ்சவங்க ஒவ்வொரு பாட்டா கேட்டு "இது இவங்க, இது இந்தப் பாட்டு"ன்னு பேர் வெச்சாங்க. 2004ல சப்ளைம் ஃப்ரீக்வென்சீஸ் போட்ட 'கம்போடியன் கேசட் ஆர்க்கைவ்ஸ்' அமெரிக்கால ஓக்லாண்ட் நூலகத்துல தூங்கின கேசட்டுங்கள்ல இருந்து எடுத்தது. 2015ல 'டோன்ட் திங்க் ஐ ஹேவ் ஃபர்காட்டன்' டாக்குமெண்டரியோட தொகுப்பு வந்தப்போ தான் பேர், விவரம்னு மரியாதையா ஒண்ணு கைக்கு வந்துச்சு. 'கம்போடியன் ராக்ஸ்' நம்மளைக் கட்டி இழுத்ததுக்கு ஒரு காரணம் அந்த மர்மம் தான்னு ஒத்துக்கறேன், ஆனா அந்த மர்மம் எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சப்புறம் அதை ரசிக்க முடியல.

முதல்ல எதைக் கேக்கறதுன்னா, 'நக்கெட்ஸ்' முதல் பக்கத்தை மட்டும் கேளுங்க, மொத்தமா 118 பாட்டுல குதிக்காதீங்க, பாதிலயே அலுத்துடும். அது பிடிச்சா ஜாம்ராக், ஆடணும்னா பெரு, கொஞ்சம் பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி வேணும்னா பாப் யே யே. ஒரு தொகுப்புல ஒரு பாட்டு பிடிச்சிருந்தா அங்கயே நிறுத்தி அந்தக் குழுவோட பேரை எழுதி வெச்சுக்கிட்டு தனியா தேடுங்க, பல சமயம் அவங்க முழு ஆல்பமும் இப்ப மறுபடி அச்சுல இருக்கும்.

அன்னிக்கு பென்டிரைவ்ல கேட்ட பாட்டு ரோஸ் செரெய் சோத்தியா பாடினது, "எனக்கு வயசு பதினாறு"ங்கறது தான் அதோட தலைப்பு. தெரிஞ்ச அன்னிக்கு ராத்திரியே அந்த ஃபைல் பேரை மாத்தினேன். அந்த ஃபோல்டர்ல மிச்சத்தை இன்னும் மாத்தி முடிக்கல.